நாணயங்களும் நாட்குறிப்புகளும்: கல்லூரியில் சமூகவியல் கற்பிக்கத் தொடங்குவோருக்கு

சமூகவியல் ஆசிரியருக்குக் கிடைத்திருக்கும் வசதி பெரிது. வகுப்புக்குள் நுழையும் ஒவ்வொரு மாணவரும் ஒரு குடும்பத்தில் வளர்ந்தவர், வரிசைகளில் நின்றவர், எங்கோ மதிக்கப்பட்டவர், எங்கோ ஒதுக்கப்பட்டவர். பாடப்பொருள் அவர்களுடனேயே வகுப்புக்கு வந்துவிடுகிறது. தொல்லையும் அங்கேயேதான் தொடங்குகிறது. இத்தனை ஆண்டுகள் சமூகத்தில் வாழ்ந்துவிட்டதால் அதைப் பற்றித் தங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். வேதியியல் வகுப்பில் யாரும் எழுந்து "எங்கள் வீட்டில் அணுக்கள் அப்படி இல்லை" என்று சொல்வதில்லை. நம் வகுப்பில் "எங்கள் வீட்டில் அப்படி இல்லை" என்ற குரல் வாரம்தோறும் எழும்.

விரிவுரையால் மட்டும் அந்தக் குரலுக்குப் பதில் சொல்ல முடியாது. மாணவர் சமூக அடுக்கமைவின், அதாவது மக்கள் மேல்கீழ்ப் படிநிலைகளில் வைக்கப்படுவதன், வரையறையைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார், தேர்வில் அதைத் திருப்பி எழுதுவார், பழைய எண்ணத்தோடே வெளியே போவார். செயல்வழிக் கற்றல் இந்த இடத்தில்தான் தேவைப்படுகிறது. மாணவர் எதையாவது முன்கூட்டிக் கணிக்க வேண்டும், செய்து பார்க்க வேண்டும், எண்ணிப் பார்க்க வேண்டும், கணிப்பு ஏன் தவறியது என்று விளக்க வேண்டும். இந்த முறைகளோடு நெடுநாள் பழகியதில் ஒன்றை உறுதியாக நம்புகிறேன்: செயல்பாடு முடிந்த பிறகு நடக்கும் உரையாடலில்தான் பாடம் இருக்கிறது. செயல்பாட்டுக்கு இருபது நிமிடம் என்றால் உரையாடலுக்குக் குறைந்தது முப்பது நிமிடம் ஒதுக்குங்கள். நேரம் போதாது என்றால் செயல்பாட்டைச் சுருக்குங்கள், உரையாடலில் கை வைக்காதீர்கள்.

## கருத்தாக்கம் முதலில்

புதியவர்கள் பெரும்பாலும் சுவையான ஒரு விளையாட்டைத் தேடிப் பிடித்துவிட்டு, பிறகு அதற்குப் பொருத்தமான பாடத்தைத் தேடுகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். வகுப்புக்கு முந்தைய நாள் ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள். இன்றைய கருத்தாக்கம் எது? அதைப் பற்றி மாணவர்களிடம் இருக்கக்கூடிய தவறான எண்ணம் எது? எதைக் கண்டால் அந்த எண்ணம் ஆட்டம் காணும்?

"சமூக நெறி" என்ற கருத்தாக்கத்தை எடுத்துக்கொள்வோம். எழுதப்பட்ட சட்டங்களே மனிதர்களைக் கட்டுப்படுத்துகின்றன, மற்றதெல்லாம் அவரவர் விருப்பம் என்பது பொதுவான எண்ணம். யாரும் எழுதிவைக்காத ஒரு விதியை எல்லோரும் பின்பற்றுவதை மாணவர் தன் கண்ணால் பார்த்துக் குறிப்பெடுத்தால் அந்த எண்ணம் ஆடும். இப்போது உங்களுக்குத் தேவையானது ஓர் உற்றுநோக்கல் பயிற்சி என்பது தானாகவே தெரிந்துவிடுகிறது. இந்த மூன்று வரிகளை எழுத முடியாத நாளில் விரிவுரையே நடத்துங்கள். நல்ல விரிவுரைக்கு எப்போதும் இடமுண்டு.

## முதல் இரண்டு வாரங்கள்: சிறியவற்றில் தொடங்குங்கள்

காத்திருப்பதில் தொடங்கலாம். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் எழுதினார். காத்திருப்பு மூன்று விநாடியைத் தொட்டபோது பதில்கள் நீண்டன, தாமாகவே பேச முன்வருவோரும் கூடினர். முதல் சில நாட்கள் அந்த மூன்று விநாடி உங்களுக்கு மிக நீளமாகத் தோன்றும். மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, தனியாக யோசித்து, இருவராகப் பேசி, வகுப்பில் பகிர்வது. கல்வியாளர் பிராங்க் லைமன் 1981இல் முன்வைத்த இந்த முறையை இன்று எல்லோரும் அறிவார்கள், ஆனால் முதல் படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். தனியாக யோசிக்கும் இரண்டு நிமிடத்தில் மாணவர் எதையாவது எழுதியாக வேண்டும். எழுதாமல் பேசத் தொடங்கினால், இருவரில் மொழியிலும் பழக்கத்திலும் துணிவு மிகுந்தவர் சொன்னதே இருவரின் கருத்தாகிவிடும். சமூகவியல் ஆசிரியர் தன் வகுப்பறையிலேயே அதிகாரம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதைக் கவனிக்காமல் இருக்கக் கூடாது.

முதல் வகுப்புக்கு ஏற்ற ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959இல் தனிமனிதத் துன்பத்தையும் பொதுப் பிரச்சினையையும் பிரித்துக் காட்டினார். ஒரு லட்சம் பேர் வாழும் நகரில் ஒருவருக்கு மட்டும் வேலை இல்லை என்றால் அது அவருடைய துன்பம். ஐந்து கோடி உழைப்பாளர்கள் உள்ள நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலை இல்லை என்றால் அது அமைப்பின் பிரச்சினை. இதை விளக்கிவிட்டுத் தொடங்காதீர்கள். நான்கைந்து பேர் கொண்ட குழுக்களுக்குச் சீட்டுகள் கொடுங்கள். "ஒருவர் வேலை இழந்தார்", "ஒரு தம்பதியர் பிரிந்தனர்", "ஒரு மாணவி படிப்பை நிறுத்தினார்", "ஒரு முதியவர் தனியாக வாழ்கிறார்" என்று ஒவ்வொரு சீட்டிலும் ஒரு நிகழ்வு இருக்கட்டும். ஏன் நடந்தது என்று மூன்று காரணங்களை எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த மனிதரின் குணம் சார்ந்த காரணங்களே முதலில் வரும். இப்போது அதே சீட்டில் "ஒருவர்" என்பதை அடித்துவிட்டு "பத்தில் மூன்று பேர்" என்று எழுதி, காரணங்களை மறுபடியும் கேளுங்கள். இரண்டு பட்டியல்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதுங்கள். சோம்பல், கோபம், கவனமின்மை என்ற சொற்கள் குறைந்து, ஆலை மூடல், சட்டம், கட்டணம், வீட்டுவேலைச் சுமை போன்றவை இடம்பிடிக்கும். மில்ஸின் பெயரை அப்போது சொல்லுங்கள். தாங்கள் ஏற்கெனவே செய்துவிட்ட ஒன்றுக்குப் பெயர் கிடைப்பது மாணவர்களுக்கு மறக்காது.

வகுப்பின் கடைசி மூன்று நிமிடத்தில் பெயரில்லாத சீட்டில் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வாங்குங்கள்: இன்று முக்கியமாகத் தோன்றியது எது? இன்னும் புரியாதது எது? அடுத்த வகுப்பை அந்தச் சீட்டுகளில் ஒன்றை வாசித்துத் தொடங்குங்கள். படிக்காமல் வைத்துவிட்டால் மூன்றாம் வாரத்தில் வெற்றுச் சீட்டுகள்தான் வரும்.

## சதுரங்கப் பலகையில் ஒரு நகரம்

எனக்கு மிகவும் பிடித்த செயல்பாடு இது. பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் குடியிருப்புப் பிரிவினை பற்றி 1971இல் வெளியிட்ட மாதிரியை அடிப்படையாகக் கொண்டது. கணினி தேவையில்லை. ஒவ்வொரு குழுவுக்கும் 64 கட்டங்கள் வரைந்த ஒரு தாள், இரண்டு வகை நாணயங்கள் அல்லது இரண்டு நிறப் பொத்தான்கள் வகைக்கு 22 இருந்தால் போதும். இருபது கட்டங்கள் காலியாக இருக்கும்.

நாணயங்களைக் குலுக்கல் முறையில் பலகையில் பரப்பச் சொல்லுங்கள். ஒரு நாணயத்தைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் இருப்பவை அதன் அண்டை. அண்டையில் இருக்கும் நாணயங்களில் மூன்றில் ஒரு பங்காவது தன் வகையாக இருந்தால் அது நிறைவோடு இருக்கும். இல்லையென்றால் அந்த நிபந்தனை நிறைவேறும் காலிக் கட்டத்துக்குக் குடிபெயரும். விதி அவ்வளவுதான். மூன்றில் இரண்டு பங்கு வேற்று வகையாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும் நாணயங்கள் இவை.

ஆட்டத்துக்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இப்படிப்பட்ட சகிப்புத்தன்மை உள்ளவர்கள் வாழும் நகரம் கடைசியில் எப்படி இருக்கும்?" கலந்தே இருக்கும் என்று பலர் எழுதுவார்கள். எழுதிய கணிப்பை மடித்து வைக்கச் சொல்லுங்கள். இந்தப் படியை விட்டுவிட்டால், முடிவைப் பார்த்த பிறகு எல்லோரும் "இது எதிர்பார்த்ததுதான்" என்பார்கள், வியப்புக்கு இடமிருக்காது.

தொடக்கத்தில் பத்து நாணயங்களைத் தேர்ந்து, அவற்றின் அண்டையில் தன் வகை எத்தனை பங்கு என்று எண்ணிச் சராசரி எடுக்க வேண்டும். அது ஏறத்தாழப் பாதியாக இருக்கும். பிறகு ஒவ்வொன்றாக நகர்த்தி, நகர வேண்டிய நாணயம் எதுவும் மிஞ்சாதபோது மறுபடி எண்ண வேண்டும். பெரும்பாலான பலகைகளில் திட்டுத் திட்டாகப் பிரிந்த வட்டாரங்கள் கண்ணுக்கே தெரியும், சராசரியும் பாதியைத் தாண்டியிருக்கும். ஏதேனும் ஒரு குழுவுக்கு அப்படி வராமலும் போகலாம். அந்தக் குழுவையே முதலில் பேசவிடுங்கள், தொடக்க அடுக்கின் தற்செயல் எவ்வளவு விளையாடுகிறது என்பது வெளியே வரும்.

இப்போதுதான் வகுப்பின் முக்கியமான அரைமணி நேரம் தொடங்குகிறது. "எந்த நாணயம் மற்ற வகையை வெறுத்தது?" என்று கேளுங்கள். எதுவுமில்லை. "பிரிந்த நகரத்தை எந்த நாணயம் விரும்பியது?" அதுவுமில்லை. தனித்தனி விருப்பங்களைக் கூட்டினால் கிடைப்பது அந்த விருப்பங்களைப் போலவே இருக்கும் என்ற எண்ணம் மாணவர்களின் கண் எதிரிலேயே உடைகிறது. தனிமனித நோக்கத்துக்கும் கூட்டு விளைவுக்கும் இடையே உள்ள இடைவெளி நம் துறையின் ஆழமான செய்திகளில் ஒன்று. அரைமணி விரிவுரையில் அதை இவ்வளவு தெளிவாக நான் ஒருபோதும் புரியவைத்ததில்லை.

இதோடு நிறுத்துவது பெரிய தவறு. மாணவர்கள் "அப்படியானால் குடியிருப்புப் பிரிவினைக்கு யாரும் பொறுப்பில்லை" என்ற முடிவோடு வெளியே போவார்கள். எனவே இரண்டாம் சுற்று ஆட வேண்டும். பலகையின் ஒரு பாதிக்குள் ஒரு வகை நாணயம் நுழையக் கூடாது என்று மேலிருந்து ஒரு விதி போடுங்கள். பிரிவினை எவ்வளவு வேகமாக வருகிறது? பிறகு அந்த விதியை நீக்கிவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள். விதி போன பிறகும் பிரிவினை நிலைக்கிறதா? உண்மையான நகரங்களில் சட்டமும் கடன் மறுப்பும் வன்முறையும் மக்களைப் பிரித்திருக்கின்றன. ஷெல்லிங்கின் மாதிரி ஒரே ஒரு வழியை மட்டுமே காட்டுகிறது. மாதிரி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பிரித்துப் பார்க்கக் கற்பதும் இதே வகுப்பிலேயே நடந்துவிடுகிறது.

## வெளியே போய்ப் பார்ப்பதும் எழுதுவதும்

ஒரு பொது இடத்தில் இருபது நிமிடம் அமர்ந்து குறிப்பெடுப்பது மாணவருக்கு எளிதாகத் தோன்றும். முதல் முறை எழுதி வருவதைப் பார்த்தால் அது எவ்வளவு கடினம் என்று புரியும். "அவர் கோபமாக இருந்தார்", "அவர்கள் நண்பர்கள்" என்று எழுதியிருப்பார்கள். தாளை இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். இடப்பக்கம் கண்டதும் கேட்டதும் மட்டும்: குரல் உயர்ந்தது, மேசையை இருமுறை தட்டினார். வலப்பக்கம் அதிலிருந்து ஊகித்தது: கோபமாக இருக்கலாம். வலப்பக்கத்தின் ஒவ்வொரு வரிக்கும் இடப்பக்கத்தில் ஆதாரம் இருக்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் படிந்துவிட்டால் பாதி ஆய்வுமுறைப் பாடம் முடிந்தது.

எதைப் பார்ப்பது என்று வரையறுத்துக் கொடுங்கள். "மக்களைக் கவனியுங்கள்" என்றால் ஒன்றும் வராது. சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963இல் எழுதிய ஒரு கருத்து நல்ல தொடக்கம்: முன்பின் தெரியாதவர்கள் எதிர்ப்படும்போது ஒருவரை ஒருவர் ஒரு கணம் பார்த்துவிட்டுப் பார்வையை விலக்கிக்கொள்கிறார்கள், "உன்னைக் கண்டேன், உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன்" என்று சொல்லாமல் சொல்லும் நாகரிகம் அது. இது எப்போது நடக்கிறது, யாருக்கு இந்த நாகரிகம் மறுக்கப்படுகிறது, யார் வெறித்துப் பார்க்கப்படுகிறார்கள் என்று தேடச் சொல்லுங்கள். கடைசிக் கேள்வியில் பாலினமும் வயதும் உடற்குறையும் தாமாகவே உள்ளே வரும்.

நெறிகளை வேண்டுமென்றே மீறிப் பார்க்கும் பயிற்சிகளும் உண்டு. சமூகவியலாளர் ஹரால்ட் கார்ஃபிங்கல் தன் மாணவர்களை அவரவர் வீட்டிலேயே வாடகைக்குத் தங்கியிருப்பவர் போலச் சிறிது நேரம் நடந்துகொள்ளச் சொன்னார். குடும்பத்தினர் குழம்பினார்கள், சினந்தார்கள். அதை அப்படியே உங்கள் மாணவர்களிடம் கேட்காதீர்கள். வீட்டில் ஏற்கெனவே பதற்றம் இருப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. லிஃப்டில் கதவுக்கு முதுகைக் காட்டி நிற்பது போன்ற, யாரையும் பாதிக்காத சிறு மீறல் போதும். அதுவும் விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும். சிலருக்குப் பொது இடத்தில் விதியை மீறுவது ஆபத்தாக முடியலாம், யாருக்கு ஆபத்து என்பதே ஒரு பாடம். மற்றவர்களுக்கு உற்றுநோக்கும் பணியை மாற்றாகக் கொடுங்கள், அதே மதிப்பெண்ணோடு. படம் எடுக்கக் கூடாது, பெயர் எழுதக் கூடாது, ஒட்டுக்கேட்ட தனிப்பட்ட செய்திகளை வகுப்பில் சொல்லக் கூடாது என்பதை எழுத்தில் கொடுத்துக் கையொப்பம் வாங்குவது நல்லது.

குடும்பம், பாலினம் பற்றிய பாடங்களுக்கு நேர நாட்குறிப்பு பொருந்தும். ஒவ்வொருவரும் ஒரு வேலைநாளையும் ஒரு விடுமுறை நாளையும் அரைமணிக் கூறுகளாகப் பிரித்து, என்ன செய்தார் என்று பெயரில்லாமல் எழுத வேண்டும். சமையல், துவைத்தல், பிள்ளைகளையோ முதியவர்களையோ பார்த்துக்கொள்வது ஆகியவற்றைத் தனியே கூட்டி, வகுப்பு முழுவதற்கும் பாலினவாரியாகச் சராசரி கணக்கிடுங்கள். வேறுபாடு தெரிந்தால் பேசுங்கள்; தெரியாவிட்டால் இன்னும் நன்றாகப் பேசலாம். நம் வகுப்பு யாரைப் பிரதிநிதித்துவப்படுத்துகிறது, கல்லூரிக்கே வராதவர்களின் நாள் எப்படி இருக்கும் என்ற கேள்வி, ஆய்வுக்கு யாரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பற்றிய பாடமாக மாறும். "எங்கள் வீட்டில் அப்படி இல்லை" என்ற குரலுக்கு இங்கே மரியாதையான பதில் கிடைக்கிறது: உங்கள் வீடு ஒரு தரவுப்புள்ளி, அதையும் சேர்த்துக்கொண்டோம், இப்போது எல்லாவற்றையும் பார்ப்போம்.

## நூற்றுக்கு மேல் மாணவர்கள் இருந்தால்

நகர்த்த முடியாத இருக்கைகள் உள்ள பெரிய அரங்கில் குழுக்கள் அமைப்பது கடினம். இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்திலிருந்து ஹார்வர்டில் பயன்படுத்திய வாக்களிப்பு முறை இங்கே உதவும். சரியான விடை உள்ள ஒரு கேள்வி, மூன்று விடைகள், மார்புக்கு நேரே விரல்களைக் காட்டி வாக்கு. பிறகு தன் விடைக்கு மாறான விடை சொன்ன ஒருவரோடு இரண்டு நிமிடப் பேச்சு, மறுபடி வாக்கு. முதல் வாக்கில் பெரும்பாலோர் சரியாகச் சொல்லிவிட்டால் மேலே செல்லுங்கள். மிகச் சிலரே சரி என்றால் பேசவிடுவதில் பயனில்லை, நீங்களே விளக்குங்கள். இடைப்பட்ட நிலையில்தான் பேச்சு பலன் தரும்.

சமூகவியலில் சரியான விடை உள்ள கேள்விகள் இல்லை என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஒன்று: "நூலகங்கள் அதிகமுள்ள வட்டாரங்களில் குற்றப் புகார்களும் அதிகம். இதற்குப் பொருத்தமான விளக்கம் எது? வாசிப்பு குற்றத்தைத் தூண்டுகிறது. குற்றம் கூடியதால் நூலகம் கட்டினார்கள். இரண்டும் மக்கள்தொகையோடு சேர்ந்து கூடுகின்றன." தொடர்பையும் காரணத்தையும் பிரித்துப் பார்க்க இதுபோன்ற கேள்விகளை வாரத்துக்கு ஒன்று நீங்களே உருவாக்கலாம்.

நீண்ட வாசிப்புகளுக்குச் சமூக உளவியலாளர் எலியட் அரன்சனின் ஜிக்சா முறை ஏற்றது. வாசிப்பை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் படித்தவர்கள் முதலில் தங்களுக்குள் கூடிப் பேச வேண்டும். பிறகு நான்கு பகுதிகளின் ஆட்களும் கலந்த குழுக்களில் ஒருவருக்கொருவர் கற்பிக்க வேண்டும். 1971இல், இனப்பிரிவினை நீக்கப்பட்ட டெக்சாஸ் பள்ளிகளில் பிள்ளைகளுக்கிடையே இருந்த பகைமையைக் குறைக்கவே இது உருவானது. அந்த வரலாற்றை மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

## காயப்படுத்தும் பயிற்சிகள்

1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், ஜேன் எலியட் என்ற ஆசிரியை தன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தால் பிரித்து ஒரு சாராரைத் தாழ்வாக நடத்திக் காட்டினார். உலகம் அறிந்த பயிற்சி அது. அதைக் கேள்விப்பட்ட இளம் ஆசிரியர்களுக்குத் தாங்களும் செய்து பார்க்க ஆசை வரும். வேண்டாம். ஒப்புதல் இல்லாமல் ஒருவரை அவமதித்து நடத்தும் பாடத்துக்கு வகுப்பறையில் இடம் கிடையாது. வகுப்பில் ஏற்கெனவே அவமதிப்பை அனுபவித்தவர்களுக்கு அது புதிய அறிவு எதையும் தரப்போவதுமில்லை.

இன்னொரு பயிற்சியும் பரவலாக இருக்கிறது. எல்லோரையும் ஒரே வரியில் நிறுத்தி, "பெற்றோர் கல்லூரிக்குச் சென்றவர்கள் முன்னே வாருங்கள், பசியோடு படுத்தவர்கள் பின்னே செல்லுங்கள்" என்று அறிவித்துக்கொண்டே போவது. முன்னால் நிற்பவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். பின்னால் நிற்பவர்கள் அவர்களின் பாடப்பொருளாக ஆகிவிடுகிறார்கள். நான் இதை ஒருமுறை நடத்தினேன். கடைசி வரிசையில் நின்ற மாணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் நினைவிருக்கிறது. அதன்பின் கற்பனை மனிதர்களின் விவரங்கள் எழுதிய அட்டைகளைக் கொடுத்து, அந்த மனிதராக நின்று நடக்கச் சொல்கிறேன். சமத்துவமின்மை அப்போதும் அதே அளவு துலங்குகிறது, யாருடைய வாழ்க்கையும் காட்சிக்கு வைக்கப்படுவதில்லை. சொந்த அனுபவத்தைச் சொல்ல விரும்புபவர் சொல்லலாம், யாரும் கேட்கக் கூடாது. ஒரு பிரிவைச் சேர்ந்த மாணவரிடம் திரும்பி "உங்கள் மக்கள் என்ன நினைக்கிறார்கள்?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள்.

## முணுமுணுப்பும் மதிப்பெண்ணும்

"ஆசிரியர் பாடமே நடத்துவதில்லை" என்ற புகார் வரும். இதை முன்கூட்டியே எதிர்கொள்ளலாம். ஹார்வர்டின் அறிமுக இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. செயல்வழி வகுப்பில் இருந்த மாணவர்கள் தேர்வில் கூடுதலாகப் பெற்றார்கள், ஆனால் குறைவாகவே கற்றதாக உணர்ந்தார்கள். சரளமான விரிவுரை எல்லாம் புரிந்துவிட்ட உணர்வைத் தருகிறது. தடுமாறி யோசிப்பது எதுவும் புரியாத உணர்வைத் தருகிறது. பாடவேளைகளின் தொடக்கத்திலேயே இதை மாணவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். 2014இல் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அறிக்கை, வெறும் விரிவுரை வகுப்புகளில் தோல்வியடையும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு என்றது. அது அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களைப் பற்றியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆதாரத்தின் எல்லையை மதிப்பது நாம் கற்பிக்கும் பழக்கங்களில் ஒன்று.

மதிப்பெண்ணில் ஒரே அறிவுரை: பங்கேற்பு என்றால் பேசுவது மட்டும் என்று வைக்காதீர்கள். எழுதிய கணிப்பு, உற்றுநோக்கல் தாள், உரையாடலுக்குப் பின் எழுதும் ஒரு பத்தி ஆகியவற்றுக்கு மதிப்பெண் கொடுங்கள். அந்தப் பத்தியில் நீங்கள் தேட வேண்டியது, மாணவர் தன் அனுபவத்திலிருந்து கருத்தாக்கத்துக்கு நகர்ந்திருக்கிறாரா என்பதை மட்டுமே. விளையாட்டு சுவையாக இருந்தது என்று எழுதியவருக்கு, "நாணயங்களில் எது உங்கள் கணிப்பைப் பொய்யாக்கியது?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுங்கள்.

முதல் பருவத்தில் வகுப்புக்கு ஒரு சிறிய பயிற்சி, பருவம் முழுவதற்கும் இரண்டு பெரிய செயல்பாடுகள் என்று வைத்துக்கொண்டால் மூச்சுத் திணறாது. ஒவ்வொரு வகுப்பும் முடிந்ததும், அறையை விட்டு வெளியேறுமுன் மூன்று செய்திகளைக் குறித்துவையுங்கள்: திட்டமிட்ட நேரம், ஆன நேரம், வகுப்பைத் திறந்த கேள்வி. அடுத்த ஆண்டு அதே பாடத்துக்குத் தயாராகும்போது பழைய விரிவுரைக் குறிப்புகளுக்கு முன் அந்தக் குறிப்பேட்டைத் திறந்து படியுங்கள்.